என் பெயரில் நீ கொடுத்த மன்னிப்பு

ஜூன் 3

தம்பிக்கு,

நீ போன் அடித்துக்கொண்டே இருக்கிறாய். நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். குரல்தான் உன் தொழில். நீ இரண்டு தடவை "அக்கா" என்று குழைந்தால் என் கோபம் பாதி இறங்கிவிடும். இந்தக் கோபம் எனக்கு முழுசாக வேண்டும். அதனால் எழுதுகிறேன், நீயும் எழுதியே பதில் சொல்.

திங்கட்கிழமை டியூட்டிக்குப் போனதும் ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நர்ஸுகளை நிற்க வைத்தே பேசிப் பழகிய மனிதர், அன்று உட்காரச் சொன்னார். அப்போதே எனக்குப் பொறி தட்டியது. போனை மேசைமேல் இருந்த டம்ளரில் சாய்த்து வைத்து ஒரு வீடியோவை ஓட்டினார். பார்த்தால், நீ!

உங்கள் கூடத்தில் நீ மன அமைதி பற்றிப் பேசுகிற வாராந்திரக் கூட்டம். மேடையில் வழக்கமான இரண்டு நாற்காலிகள். யாருக்குள் சண்டையோ அவர்கள் நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து, அவர்களாகவே பேசுகிற உன் வித்தை எனக்குத் தெரிந்ததுதானே. இந்தத் தடவை ஒரு நாற்காலியில் என்னை அறைந்த மனிதன். இன்னொன்றில் நான்.

அவனாக நீ வெகுநேரம் பேசினாய். அப்பாவுக்கு மூச்சுத் திணறுவதைப் பார்க்கும் பிள்ளையின் பதற்றம், கூப்பிட்ட குரலுக்கு யாரும் வராத ஆத்திரம், கை தானாக ஓங்கிய கணம், அதன் பிறகு வந்த கூச்சம், ஒன்றையும் நீ விடவில்லை. முன் வரிசையில் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினார். பிறகு என் நாற்காலிக்கு வந்தாய். எனக்குப் பதற்றம் கிடையாது, வலி கிடையாது, கூச்சம் கிடையாது. எனக்கு ஒரே ஒரு வசனம். "தம்பி, உங்க வலி எனக்குப் புரியுது. உங்களை எப்பவோ மன்னிச்சிட்டேன்." ஒரே கைதட்டல்.

அதிகாரி வீடியோவை நிறுத்தினார். "இவர் உங்க தம்பிதானே? மன்னிச்சிட்டீங்கன்னு ஊருக்கே சொல்லியிருக்கார். அப்புறம் எதுக்கும்மா இந்தப் புகார்? நல்ல மனசோட வாபஸ் வாங்கிடுங்க."

நான் எப்போதடா மன்னித்தேன்?

அடி வாங்கிய அன்று மத்தியானம் இரண்டு வார்டுக்கும் சேர்த்து நான் ஒருத்தி. ஒரு வார்டில் ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தேன், அடுத்த வார்டிலிருந்து அவன் கத்தினான். இதை விட்டுவிட்டு ஓடினால் இங்கே ஒரு உயிர் போகும். மாற்றி முடித்துவிட்டு ஓடினேன். வார்டு முழுக்கப் பார்க்க அறைந்தான். மருந்துத் தள்ளுவண்டியில் போய் மோதினேன். எழுந்து, அதே கையோடு அவன் அப்பாவுக்கு மாஸ்க்கைச் சரிசெய்தேன். அந்தப் பெரியவர் பிழைத்து நடந்தே வீட்டுக்குப் போனார்.

சாயங்காலம் உன்னிடம் போனில் சொல்லி அழுதேன். நீ, "அந்த மகனோட மனநிலையை யோசிச்சுப் பாருக்கா" என்றாய். "ம், பாவம்தான்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். நடந்தது அவ்வளவுதான். அந்த ஒரு "பாவம்தான்" போதுமா உனக்கு, என் மன்னிப்பை எடுத்து யாரோ ஒருவனுக்குத் தாரை வார்க்க?

நானும் கும்பிடுகிறவள்தான். அந்த மனிதனைப் பற்றிக் கடவுளிடம் நான் இன்னும் பேசி முடிக்கவில்லை. அதற்குள் நீ நடுவே புகுந்து தீர்ப்பு எழுதிவிட்டாய்.

இருபதாம் தேதி விசாரணை. அதற்குள் நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். உன் கூட்டத்தில் அதே மேடையில் எழுந்து நின்று, "என் அக்கா மன்னிக்கவில்லை, அதை நானாகச் சொன்னேன்" என்று சொல். அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பு.

அக்கா

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கூடத்தின் பின்னறையில் உட்கார்ந்து படித்தேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், உடனே எழுந்து போக முடியவில்லை.

உன்னை நோகடிக்க வேண்டும் என்று நான் அதைப் பேசவில்லை, அக்கா. உன்னைப் பெருமைப்படுத்தத்தான் பேசினேன். அடி வாங்கிய கையோடு அந்தப் பெரியவருக்கு மாஸ்க் போட்டேன் என்று சொன்னாயே, அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மன்னிக்காத ஒருத்தியால் அதைச் செய்ய முடியுமா என்று எனக்குத் தோன்றியது. அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த வார்த்தை தானாக வந்தது. நான் ஜோடிக்கவில்லை.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வீடியோ உன்னை அறைந்தவர் கைக்கும் போய்விட்டது. அவர் வீடு இந்த ஊர்தான். போன வாரம் கூட்டத்துக்கு வந்திருந்தார். எல்லாரும் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "அண்ணா, அன்னைலேர்ந்து எனக்குச் சோறே இறங்கல. நீங்க சொன்னதைக் கேட்டப்புறம்தான் நிம்மதியாத் தூங்கறேன்" என்றார். ஒரு மனிதன் மாறுகிறான், அக்கா. நாம் எல்லாரும் பேசுகிற சமுதாய மாற்றம் இப்படி ஒவ்வொரு ஆளாகத்தானே தொடங்க வேண்டும்? இப்போது நான் எழுந்து நின்று, "அவள் உங்களை மன்னிக்கவில்லை" என்று எப்படிச் சொல்வேன்?

நீ கோபப்படுவாய், தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். உனக்கு என் வேலைமேல் என்றைக்காவது மதிப்பு இருந்ததா? டைல்ஸ் கடையில் விற்பனையாளனாக இருந்தபோது, "என் தம்பி உழைக்கிறான்" என்று சொல்வாய். இந்த வேலைக்கு வந்த பிறகு, அத்தான் முன்னாலேயே "வாய்ப் பிழைப்பு" என்று சிரித்தாய். இங்கே குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள், பிரிந்து போய்த் திரும்பிச் சேர்ந்த தம்பதிகள் இருக்கிறார்கள். அதெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியாது. நீ எப்போதும் அப்படித்தான், தப்பு மட்டும்தான் உன் கண்ணில் படும்.

நானே சொல்லிக்கொடுக்கும் ஒரு பயிற்சி இருக்கிறது. கோபம் வரும்போது அதை விலகி நின்று பார், அதற்கு ஒரு பெயர் வை. பாதி அடங்கிவிடும். உனக்கு உதவலாம் என்று சொல்கிறேன். பொதுவான ஒரு விளக்கம் எழுதி அனுப்புகிறேன். அவசரப்படாதே.

தம்பி

ஜூன் 12

தம்பிக்கு,

பெயர் வைத்துவிட்டேன். நியாயம் என்று வைத்திருக்கிறேன். அடங்கவில்லை.

மாஸ்க் போட்டதைச் சொல்லியிருக்கிறாய். அதற்கும் மன்னிப்புக்கும் என்னடா சம்பந்தம்? அது என் வேலை. அவன் அப்பா என்னை அறையவில்லை. கன்னம் எரிய எரியத்தான் போட்டேன், உள்ளுக்குள் அவனைத் திட்டிக்கொண்டேதான் போட்டேன். கை நடுங்காமல் இருந்ததற்குப் பழக்கம்தான் காரணம். அதை நீ புனிதமாக்கி மேடையில் வைத்துக் கற்பூரம் காட்டுகிறாய்.

அவன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்று எழுதியிருக்கிறாயே, படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. எப்படித் தூங்காமல் இருப்பான்? என்னை ஒரு தடவை நேரில் வந்து பார்க்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். அடி எனக்கு, மன்னிப்புக் கொடுப்பது நீ, கைதட்டு உனக்கு. பங்கு பிரித்த விதம் அழகாக இருக்கிறது.

என் புகாரில் என்ன எழுதியிருக்கிறேன் என்று நீ இதுவரை கேட்கவே இல்லை. அவனை ஜெயிலில் போடு என்று எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இரண்டு வார்டுக்கு ஒரு நர்ஸை விடாதீர்கள், வார்டு வாசலில் ஒரு காவலாள் போடுங்கள், கை ஓங்கினால் ஆஸ்பத்திரியே வழக்குக் கொடுக்கட்டும். இதுதான் எழுதியிருக்கிறேன். எனக்கு முன்னால் இங்கே அடி வாங்கினவர்கள் இருக்கிறார்கள். பிரசவ வார்டில் இருப்பவளுக்கு உதடு கிழிந்தது. அவளையும் இதே அறையில் உட்கார வைத்து, "பாவம், துக்கத்துல இருக்காங்க, பெரிய மனசு பண்ணுங்க" என்றார்கள். அவள் பெரிய மனசு பண்ணினாள். அவளுக்கு முன்னால் ஒருத்தி பண்ணினாள். நாங்கள் மனசைப் பெரிசு பண்ணிப் பண்ணித்தான் இவர்கள் ஆளைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இந்தத் தடவை அந்தப் பெண்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சறுக்கினால் இனி ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டாள்.

ஒவ்வொரு ஆளாக மாற்றம் வரட்டும் என்கிறாய். வரட்டும். அதுவரை அறை வாங்குவது யார் என்பதையும் சொல்லிவிடு.

வாய்ப் பிழைப்பு என்று சிரித்தது உண்மைதான். அது உனக்கு வலித்திருந்தால் அதற்காக என்மேல் கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது. அந்தக் கணக்கை இதில் கொண்டுவந்து நேர் செய்யாதே.

பொதுவான விளக்கம் எனக்கு வேண்டாம். வழவழா கொழகொழா என்று எழுதினால் அதை எனக்கு எதிராகவே படிப்பார்கள். "மன்னிக்கவில்லை" என்ற ஒரு வார்த்தை அதில் இருக்க வேண்டும்.

அக்கா

ஜூன் 17

அக்கா,

நீ கேட்ட கடிதத்தைக் கூரியரில் அனுப்புகிறேன், நேரத்துக்கு வந்துவிடும்.

மேடையில் சொல்ல முடியவில்லை. சொல்லத்தான் எழுந்தேன். உன்னை அறைந்தவர் தன் மனைவியையும் கூட்டி வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார். கூடத்தின் தலைவர் வேறு காலையிலேயே கூப்பிட்டு, "மன்னிப்பைப் பத்திப் பேசிட்டு, கொஞ்ச நாள்லயே இல்லைன்னு சொன்னா ஜனங்க நம்பிக்கை என்ன ஆகும்?" என்று கேட்டார். வேறு ஏதோ பேசிவிட்டு இறங்கினேன்.

கடிதத்தில் என்னால் முடிந்ததை எழுதி, தலைவரிடமும் காட்டியிருக்கிறேன். "என் சகோதரியின் உணர்வுகளை என் புரிதலின்படி வெளிப்படுத்தினேன். அவர் மன்னிப்பின் பாதையில் பயணித்துக்கொண்டிருக்கிறார். இறுதி முடிவு அவருடையதே." இதில் நீ கேட்டது அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். நீ மன்னித்துவிட்டாய் என்று இதில் எங்கும் சொல்லவில்லை.

எனக்கும் இங்கே நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், அக்கா. என் நிலைமையையும் கொஞ்சம் யோசி.

தம்பி

ஜூன் 22

உனக்கு,

எந்தப் பாதையிலடா நான் பயணித்துக்கொண்டிருக்கிறேன்?

விசாரணையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேள். உன் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. பையிலேயே வைத்திருந்தேன். ஆனால் அதிகாரியிடம் ஒரு நகல் இருந்தது. உங்கள் கூடத்துத் தலைவர் "நல்லெண்ணத்தோடு" அனுப்பி வைத்தாராம். உன் தமிழ் அழகாக இருந்ததால் அதிகாரி ராகம் போட்டுப் படித்தார். விசாரணைக் குழுவில் இருந்த டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்களே மன்னிக்கிற மனநிலையிலதானே இருக்கீங்க, நாங்க எதுக்கு நடுவுல?" என்று கேட்டார். "அது என் தம்பி எழுதினது, நான் சொல்லல" என்றேன். "கூடப் பிறந்தவருக்குத் தெரியாதா உங்க மனசு?" என்றார்.

கூடப் பிறந்தவன் என்ற ஒரே காரணத்துக்காக என் மனசுக்கு உன்னைச் சாட்சியாக்கிவிட்டார்கள். அந்த மனசோடு அங்கேயே உட்கார்ந்திருந்த என் பேச்சு செல்லவில்லை.

"சுமுகமாக முடிந்தது" என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். எனக்கு இடமாற்றம். வெளிநோயாளிப் பிரிவில் பகல் டியூட்டி, "உங்க மன அமைதிக்காக" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். என் இடத்தில் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு வார்டுக்கும் அவள் ஒருத்தி. இன்று சாப்பாட்டு அறையில் என்னிடம், "அக்கா, யாராவது சத்தம் போட்டா என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். கை கழுவ எழுந்து போய்விட்டேன்.

உன் நிலைமையை யோசிக்கச் சொன்னாய். யோசித்தேன். நாலு பேர் முன்னால் நீ தலை நிமிர்வதற்கு என் தலையைக் குனிய வைத்தாய். ஊரார் இடத்தில் எல்லாம் போய் உட்காரத் தெரிந்த உனக்கு, உன் சொந்த இடத்தில் எழுந்து நிற்கத் தெரியவில்லை.

இனி எனக்கு எழுதாதே.

அக்கா

ஜூலை 1

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இதை ஒன்றை மட்டும் படித்துவிடு.

நேற்றுக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். நாற்காலிகளை எடுக்கச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினேன். "என் அக்கா யாரையும் மன்னிக்கல. மன்னிச்சதா நான்தான் சொன்னேன். அவங்ககிட்ட கேட்கல. அதனால அவங்க கேட்ட நியாயம் அவங்களுக்குக் கிடைக்காமப் போச்சு." இப்படியே சொன்னேன், பூசி மெழுகவில்லை.

உன்னை அறைந்தவர் முன் வரிசையில் இருந்தார். முகம் சிவந்துபோய் எழுந்தார். "அப்போ இத்தனை நாளா என்னை ஏமாத்தினீங்களா? உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேனே, இப்போ எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்துறீங்களே!" என்றார். "நீங்க எங்க அக்காவைப் போய்ப் பார்த்திருக்கணும்" என்றேன். அந்த வார்த்தை முடியவில்லை, மேடை ஏறி வந்து ஓங்கி ஒரு அறை விட்டார். மைக் கீழே விழுந்து கீச்சென்று கத்தியது.

அக்கா, அதற்கு அப்புறம் நடந்ததைச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஒருத்தர்கூட என்னிடம் வரவில்லை. எல்லாரும் அவரைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார், ஒரு அம்மா விசிறினார். தலைவர் என் தோளில் கை போட்டு, "பாவம், ரொம்ப மனசு உடைஞ்சிருக்கார். நீங்க ஒரு வார்த்தை மன்னிச்சிட்டேன்னு சொல்லிடுங்க, எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போவாங்க" என்றார். கூடமே என் வாயைப் பார்த்தது. கைதட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அப்படிப் பழக்கி வைத்ததே நான்தான்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அறைந்தவன்மேல் இருந்ததைவிட, விசிறிக்கொண்டிருந்தவர்கள்மேல் அதிகம். ஒருத்தனுக்காவது, ஒருத்தனுக்காவது, உனக்கு வலிக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லையே? எத்தனை வருஷம் இவர்களுக்குக் கருணையைப் பற்றிப் பேசியிருக்கிறேன்! பதில் சொல்லாமல் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். தலைவர் விடாமல் போன் செய்கிறார். அடுத்த கூட்டத்துக்குள் மன்னித்தால்தான் அங்கே எனக்கு இடமாம்.

நேற்றுப் பேசியதை அப்படியே எழுதி, உங்கள் ஆஸ்பத்திரி இயக்குநருக்கே நேராகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முதல் வரியிலேயே நீ கேட்ட வார்த்தை இருக்கிறது. நகல் இத்துடன்.

இப்போது எனக்கு ஒன்றும் ஓடவில்லை, அக்கா. நான் அவரை மன்னிக்க வேண்டுமா, கூடாதா? நீ சொல். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

தம்பி

ஜூலை 5

தம்பிக்கு,

எந்தப் பக்கம் அறைந்தான்? அதை எழுதவே இல்லையே. காதுக்குள் இரைச்சல் மாதிரி ஏதாவது கேட்கிறதா? கேட்டால் நாளைக்கே காது டாக்டரிடம் போ. அதுவரை தலைக்குக் குளிக்காதே, யாராவது சொன்னார்கள் என்று காதில் எண்ணெய் கிண்ணெய் விட்டுக்கொள்ளாதே. பல்லைக் கடித்துப் பார், தாடை ஓரத்தில் வலித்தால் அதையும் சொல். கெட்டியாக எதையும் மென்று தின்னாமல் கஞ்சியாகக் குடி. வலிக்கிறது என்று யாரிடமும் சொல்ல வெட்கப்படாதே, வலிக்கத்தான் செய்யும்.

இயக்குநர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் தனியாகப் போகவில்லை. பிரசவ வார்டுக்காரி வந்தாள், அவளுக்கு முன்னால் பெரிய மனசு பண்ணினவள் வந்தாள், அந்தப் புதுப் பெண்ணும் வந்தாள். எல்லாரும் கையெழுத்துப் போட்டுப் புதிதாக ஒரு புகார் கொடுத்தோம். மூடின கோப்பைத் திறக்கிறேன் என்றிருக்கிறார். வார்டுக்கு இப்போதைக்கு இன்னொரு நர்ஸைப் போட்டிருக்கிறார்கள். "தற்காலிக ஏற்பாடு, தற்காலிக ஏற்பாடு" என்று அதிகாரி ஓதிக்கொண்டே இருந்தார். நாங்களும் விடுகிற மாதிரி இல்லை. நீ சாட்சி சொல்ல வர வேண்டியிருக்கும், தயாராக இரு.

உன்மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

கடைசியில் நீ கேட்டதற்கு வருகிறேன். அவனை மன்னிக்காதே, போலீசில் எழுதிக் கொடு என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டேன். திரும்பப் படித்துப் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். உங்கள் தலைவர் சொல்கிறபடியும் செய்யாதே, நான் சொல்கிறபடியும் செய்யாதே.

அது உன் கன்னம். அதற்காக நான் பதில் சொல்ல மாட்டேன். எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள். யாராவது அவசரப்படுத்தினால், இன்னும் முடிவு பண்ணவில்லை என்று சொல்லி அனுப்பு.

அக்கா